செயலாளரின் ஆண்டறிக்கை: சிவில் டெக்னீஷியன் பதிவும் உறுப்புரிமையும்

தலைவர் அவர்களுக்கும், டர்பன், சாட்ஸ்வொர்த், பீனிக்ஸ் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

இந்த ஆண்டுக் கூட்டங்களில் பெரும்பாலும் பேசப்பட்டது ஒரே காரியம்தான்: எக்சா எனப்படும் தென்னாப்பிரிக்கப் பொறியியல் மன்றத்தில் தொழில்முறை டெக்னீஷியனாகப் பதிவு பெறுவது. 2000-ஆம் ஆண்டின் 46-ஆம் எண் சட்டப்படி நடப்பது இது. பொறியியல் டிப்ளமா முடித்ததும் வேட்பாளராக, அதாவது முழுப் பதிவுக்கு முந்தைய பயிற்சி நிலையில், பதிந்துகொள்ளலாம். அதன்பின் குறைந்தது 3 ஆண்டு அனுபவம் வேண்டும். உரிய டிப்ளமா இல்லாதவர்களுக்கு மாற்று வழி உண்டு, ஆண்டுகள்தான் கூடும். வெளிநாடு போக நினைப்பவர்கள் 2002-இன் டப்ளின் ஒப்பந்தத்தைக் கேட்கிறார்கள். அது படிப்பை மட்டுமே அங்கீகரிக்கும். பதிவைப் போகும் நாட்டில் தனியே வாங்க வேண்டும்.

விண்ணப்பங்கள் சிக்குவது அனுபவ அறிக்கையில். வேலை செய்யாமல் அல்ல, எழுதத் தெரியாமல். பொறுப்பை ஏ (A) முதல் இ (E) வரை ஐந்து படியாக அளக்கிறார்கள்: ஏ என்றால் கூட நின்று பார்த்தது, இ என்றால் தானே பொறுப்பேற்றுச் செய்தது. நம்மவர் அறிக்கைகளில் "பள்ளம் நிரப்பப்பட்டது, சோதனை செய்யப்பட்டது" என்றே வருகிறது. யார் செய்தது? "நாங்கள்" என்று எழுதினாலும் அதே கேள்விதான். 'நான்' என்று சொல்லக் கூசும் பணிவு வீட்டில் அழகு. இங்கே அது மதிப்பெண்ணைத் தின்றுவிடும்.

பயிற்சி வகுப்பில் திருத்திய ஒரு மாதிரி இது: "பெரியா செம்மணலில் (டர்பன் பகுதிச் சிவப்பு மணல்) குழாய்ப் பள்ளம். டி.சி.பி. கம்பியை (எடையால் அடித்து இறக்கி மண்ணின் இறுக்கத்தை அளப்பது) இறக்கியபோது மேல்மண் நன்றாகத் தாங்கியது, 150 மி.மீ. தாண்டியதும் ஒவ்வோர் அடிக்கும் கம்பி அதிகம் இறங்கியது. மண்ணை 300 மி.மீ. தடிமனில் கொட்டியதால் தட்டு காம்பாக்டரின் (மண்ணை அதிர்த்து இறுக்கும் இயந்திரம்) அதிர்வு அடிவரை எட்டவில்லை என்று முடிவு செய்தேன். தோண்டி எடுத்து, ஈரம் சரிபார்த்து, 150 மி.மீ. அடுக்குகளாக மறுபடி நிரப்பச் சொன்னேன். மறுசோதனை முடிவைப் பார்த்தபின் கையெழுத்திட்டேன்." அந்த மணல் நீர் பட்டால் உட்காரும் என்பதையும் ஒரு வரியில் சேர்த்தால் காரணமும் தெரிந்துவிடும். டெக்னீஷியனிடம் எதிர்பார்ப்பது இவ்வளவே: தெளிவாக வரையறுத்த சிக்கலுக்கு வழக்கமான முறையைச் சரியாகக் கையாளுவது.

இன்னொரு தொல்லை, அனுபவ அறிக்கையில் மேற்பார்வையாளரின் கையெழுத்து. அவர் வேலை மாறிப் போனபின் தேடி அலைவார்கள். ஒவ்வொரு வேலைக்காலமும் முடிந்த கையோடு வாங்கிவிடுங்கள். தேதிகளுக்கு நடுவே விட்டுப்போன மாதங்களுக்கும் விளக்கம் எழுதுங்கள், வேலையில்லாத மாதமானாலும்.

பதிவுக்குப் பின் 5 ஆண்டில் 25 தொடர்கல்விப் புள்ளி தேவை. அதில் 5 பயிற்சி வகுப்பிலிருந்தே வர வேண்டும். வகுப்பில் 10 மணி நேரம் 1 புள்ளி. பொறியியல் வேலை 400 மணிக்கு 1, ஆண்டுக்கு 2-க்கு மேல் இல்லை. அங்கீகரித்த தொழில் சங்க உறுப்புரிமைக்கு ஆண்டுக்கு 1. வேலையும் உறுப்புரிமையும் சேர்ந்து 5 ஆண்டில் 15 வரும். மீதியைக் கடைசி ஆண்டுக்குத் தள்ளிவைத்தவர்தான் மூச்சுவாங்குகிறார்.

நம் சங்கத்தின் சந்தா இந்த உறுப்புரிமைப் புள்ளிக் கணக்கில் சேராது. 1903-இல் தொடங்கிய தென்னாப்பிரிக்க சிவில் பொறியியல் நிறுவனத்தில் சேருங்கள். எக்சா ஆண்டுக் கட்டணத்திலும் கொஞ்சம் குறையும்.

கணக்கைப் பொருளாளர் தனியே வைப்பார். அடுத்த கூட்டத்துக்கு வேட்பாளர்கள் தங்கள் வேலைக் குறிப்பேட்டைக் கொண்டு வரவும். 'நாங்கள்' எல்லாம் சிவப்பு மையில் அடிக்கப்படும்.

செயலாளர்