வருகிற அழைப்பெல்லாம் 32ஆவது நொடியில் ஏன் கட்டாகிறது?

இணைய இணைப்பு தரும் நிறுவனங்களின் தொழில்நுட்பப் பொறுப்பாளர்களுக்கும், அவர்களுக்கு ரவுட்டர் செய்து தருபவர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியவர்களே, வணக்கம்.

உங்கள் ரவுட்டருக்குப் பின்னால் இணையத் தொலைபேசியை வைத்துப் பிழைப்பு நடத்தும் சிறு கடைகள், இரண்டு மூன்று பேர் உள்ள அலுவலகங்கள், வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவர்கள் ஆகியோர் சார்பில் இதை எழுதுகிறோம். இணையத் தொலைபேசி அழைப்பை ஏற்படுத்தி முடிக்கும் நெறிமுறை சிப்; அதன் செய்திகளை நடுவில் திருத்தும் ரவுட்டர் வசதிதான் சிப் ஏஎல்ஜி என்று உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அதை ரவுட்டருக்குள் வைத்தவர்களே நீங்கள்தான். எங்கள் கோரிக்கை ஒன்றுதான்: அதை அணைக்கும் சுவிட்சை எங்கள் கையில் கொடுங்கள். முதலிலேயே அணைத்து அனுப்புங்கள். நாங்கள் அணைத்ததை அப்டேட் என்ற பெயரில் திரும்ப ஏற்றாதீர்கள்.

இதில் கடைசி வாக்கியம்தான் இந்த மடலை எழுத வைத்தது. நள்ளிரவில் ரவுட்டரின் உள் மென்பொருளான ஃபர்ம்வேருக்கு ஓர் அப்டேட் இறங்குகிறது. யாரையும் கேட்பதில்லை, சொல்வதும் இல்லை. காலையில் பார்த்தால் ரவுட்டரில் எல்லா விளக்கும் பச்சை. இணையப் பக்கங்கள் திறக்கின்றன, வீடியோ தடையின்றி ஓடுகிறது. வருகிற அழைப்புகள் மட்டும் 32ஆவது நொடியில் கட்டாகின்றன. அமைப்புப் பக்கத்தைத் திறந்தால், அணைத்து வைத்திருந்த ஏஎல்ஜி மறுபடி ஓடிக்கொண்டிருக்கிறது. சில மாடல்களில் அந்த வரியே பக்கத்திலிருந்து காணாமல் போயிருக்கிறது.

32 நொடியில் என்ன பேச முடியும்? அழைத்தவர் பெயரைச் சொல்லிவிடலாம், என்ன வேண்டும் என்பதையும் சொல்லிவிடலாம். தன் எண்ணையோ முகவரியையோ சொல்லத் தொடங்கும்போது லைன் போயிருக்கும். அதுவரை இரண்டு பக்கமும் பெரும்பாலும் தெளிவாகவே கேட்டிருக்கும். வினையே அதுதான். கரகரவென்று கேட்டிருந்தால் லைன் சரியில்லை என்று நினைத்திருப்பார். நன்றாகக் கேட்டுக்கொண்டிருந்த குரல் சட்டென்று நின்றால், போனை வைத்துவிட்டார்கள் என்றுதான் நினைப்பார். மறுபடி கூப்பிடுவார், மறுபடியும் 32. மூன்றாவது தடவை கூப்பிடுவது வேறொரு கடையை.

இந்த எண் தற்செயலானதல்ல. சிப் நெறிமுறையை வரையறுத்த 2002ஆம் ஆண்டின் ஆர்எஃப்சி 3261 ஆவணத்திலேயே அது இருக்கிறது. போனை எடுத்ததும் கருவி ‘அழைப்பை ஏற்றேன்’ என்று பொருள்படும் ‘200 ஓகே’ செய்தியை அனுப்பும். அதற்கு எதிர்முனை சர்வர் ‘ஏசிகே’ என்று ஒப்புதல் அனுப்ப வேண்டும். அந்த ஒப்புதல் எந்த முகவரிக்கு வர வேண்டும் என்பது போன் அனுப்பிய ‘கான்டாக்ட்’ வரியில் எழுதியிருக்கிறது. உங்கள் ஏஎல்ஜி நடுவில் புகுந்து அந்த வரியைத் திருத்துகிறது. உள் ஐபியை, அதாவது ரவுட்டருக்குப் பின்னால் மட்டும் செல்லும் முகவரியை, எடுத்துவிட்டு வெளி ஐபியைப் போடுவது வரை சரி. கூடவே, தான் திறந்தே வைத்திராத ஒரு போர்ட் எண்ணையும், அதாவது வாசல் எண்ணையும், எழுதிவிடுகிறது. சர்வர் ஒழுங்காக அந்தப் போர்ட்டுக்கு ஒப்புதலை அனுப்புகிறது. ரவுட்டர் தான் எழுதிய முகவரிக்கு வந்த கடிதத்தைத் தானே குப்பையில் போடுகிறது. ஒப்புதல் வராத போன் அரை நொடி கழித்து ‘200 ஓகே’யை மறுபடி அனுப்பும். பிறகு ஒரு நொடி, இரண்டு நொடி, அதன்பின் நாலு நாலு நொடி இடைவெளி. அரை நொடியின் 64 மடங்கு, அதாவது 32 நொடி முடிந்ததும், எதிரில் யாரும் இல்லை என்று முடிவு கட்டி ‘பை’ சொல்லி வைத்துவிடும். வலையில் போய்வரும் செய்திகளைக் காட்டும் வயர்ஷார்க் மென்பொருளில் அந்த அழைப்பைப் பிடித்துப் பாருங்கள். ஒரே ‘200 ஓகே’ பதினொரு தடவை வரிசையாக நிற்கும், ஒன்றுக்குக்கூட பதில் இருக்காது.

புகார் கொடுத்தால் ஊழியர் வருகிறார். நல்ல மனிதர், அவர் மேல் குறையில்லை. எங்கள் போனிலிருந்து தன் கைபேசிக்கு ஓர் அழைப்பு போட்டுப் பார்க்கிறார். இரண்டு நிமிடம் பேசியும் கட்டாகவில்லை. “நல்லாத்தானே இருக்கு” என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போகிறார். வெளியே போகிற அழைப்பில் ஒப்புதலை அனுப்ப வேண்டியது எங்கள் போன்; அது சர்வரின் முகவரிக்கு நேராகப் போய்ச் சேர்ந்துவிடும். சாகிறது உள்ளே வருகிற அழைப்பு. அவருக்குத் தரப்பட்ட சோதனைப் பட்டியலில் ‘வெளியிலிருந்து கூப்பிட்டு 40 நொடி பேசிப் பார்க்கவும்’ என்று ஒரு வரி சேர்த்தாலே, பாதிப் புகார்கள் முதல் வருகையிலேயே பிடிபட்டுவிடும்.

உதவி எண்ணுக்குக் கூப்பிட்டால் மூன்று மருந்துகள் தயாராக இருக்கின்றன.

முதல் மருந்து ரீஸ்டார்ட். செய்தால் கொஞ்ச நேரம் சரியானதுபோலவும் இருக்கும். உள் முகவரியை வெளி முகவரியாக மாற்ற ரவுட்டர் வைத்திருக்கும் பழைய நாட் பதிவுகள் அழிந்து, போன் புதிதாகப் பதிவு செய்துகொள்வதால் கிடைக்கும் தற்காலிக நிம்மதி அது. இரண்டாவது, ‘வேகம் போதவில்லை, பெரிய பிளானுக்கு மாறுங்கள்’. குரலைத் தரவாக்கும் ஜி.711 கோடெக்கில் ஓர் அழைப்புக்கு நொடிக்கு 50 பாக்கெட் (தரவுத் துண்டு), ஒவ்வொன்றிலும் 160 பைட் குரல். ஈதர்நெட் தலைப்புகளையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் ஒரு திசைக்கு சுமார் 87 கிலோபிட். பத்துப் பேர் ஒரே நேரத்தில் பேசினாலும் ஒரு மெகாபிட்டைத் தாண்டாது. அப்லோட் நிரம்பிக் குரல் உடைவது வேறு நோய். அதற்கு ரவுட்டரில் வரிசை மேலாண்மை வேண்டும், பெரிய பிளான் அல்ல. எப்படியானாலும் வேகக் குறைவு எந்த அழைப்பையும் கடிகாரம் பார்த்துச் சரியாக 32இல் வெட்டாது.

மூன்றாவது மருந்துதான் ஆபத்தானது: ‘சிப் வழக்கமாகப் பயன்படுத்தும் 5060 போர்ட்டை ஃபார்வர்டு செய்துவிடுங்கள், இல்லையென்றால் போனை டிஎம்இசட்டில் போடுங்கள்.’ முதலாவது, வெளியிலிருந்து அந்தப் போர்ட்டுக்கு வருவதை நேராகப் போனுக்குத் திருப்புவது; இரண்டாவது, போனையே ரவுட்டரின் காவலுக்கு வெளியே வைப்பது. சர்வரில் தானே பதிவு செய்துகொள்ளும் போனுக்கு ஃபார்வர்டு தேவையே இல்லை. திறந்துவிட்டால் இணையம் முழுக்க 5060ஐத் தட்டிக்கொண்டே திரியும் ஸ்கேனர்கள் உள்ளே வரும். நடுராத்திரி மூன்று மணிக்கு ‘100’ என்றும் ‘1001’ என்றும் எண் காட்டி போன் அடிக்கும்; எடுத்தால் ஆள் இருக்காது. அதோடு நின்றால் அதிர்ஷ்டம். உள்ளே ஒரு சிறு பிபிஎக்ஸ் (அலுவலகத் தொலைபேசி இணைப்பகம்) இருந்து அதன் கடவுச்சொல்லும் எளிதாக இருந்தால், வார இறுதியில் யாரோ எங்கள் கணக்கில் வெளிநாட்டு எண்களுக்குப் பேசித் தீர்த்திருப்பார்கள். உங்கள் உதவியாளர் அரை நிமிடத்தில் சொல்லிவிட்டுப் போகும் யோசனையின் விலை இது.

நியாயமாக ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். ஏஎல்ஜியை யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. முகவரி மாற்றும் நாட் அமைப்புக்குப் பின்னால் இருப்பதே தெரியாமல், 192.168 என்று தொடங்கும் உள் முகவரியை அப்படியே எழுதி அனுப்பிய போன்கள் இருந்த காலத்தில் அதற்கு ஒரு தேவை இருந்தது. பிறகு அந்த வேலைக்கு வேறு ஆள் வந்தாயிற்று. 2003இலேயே ‘ஆர்போர்ட்’ வந்தது. பாக்கெட் உண்மையில் எங்கிருந்து வந்ததோ அங்கேயே பதில் அனுப்பச் சர்வர்கள் கற்றுக்கொண்டன. போனே தன் வெளி முகவரியைத் தெரிந்துகொள்ள ஸ்டன் வந்தது, இரு முனைக்கும் ஒத்துவரும் வழியைத் தேர ஐஸ் வந்தது, சேவை தருபவர்களின் வாசலில் அழைப்புகளைச் சரிசெய்து அனுப்பும் எஸ்பிசி வந்தது. இப்போது போன் ஒரு திருத்தம் செய்கிறது, சர்வர் ஒரு திருத்தம் செய்கிறது, நடுவில் நீங்களும் ஒன்று செய்கிறீர்கள். அதையும் முழுதாகச் செய்வதில்லை. ‘192.168.1.10’ என்பதில் 12 எழுத்து. அதை அழித்துவிட்டு 15 எழுத்துள்ள வெளி முகவரியை எழுதினால் செய்தியின் நீளம் மூன்று பைட் கூடும். நீளத்தைச் சொல்லும் ‘கன்டென்ட்-லெங்த்’ வரியில் பழைய எண்ணையே விட்டுவிட்டால் சர்வர் அந்த நீளத்துக்கு மட்டும் படிக்கும், கடைசி வரியின் வால் அறுபடும். ஒரு பக்கம் மட்டும் கேட்பது, பொத்தானை அழுத்தினால் மெனு நகராதது, அழைத்தவர் வைத்த பிறகும் போன் ‘பேச்சில்’ என்று காட்டிக்கொண்டிருப்பது என்று வருகிற புகார்களில் பலவற்றுக்கு இப்படிப்பட்ட அரைகுறைத் திருத்தம்தான் காரணம். உபகாரம் செய்யாவிட்டாலும் உபத்திரவம் செய்யாமல் இருக்கலாமே.

எங்கள் தொல்லை உங்களுக்குப் பெரிதாகத் தெரியவில்லை என்றால் உங்கள் பாதுகாப்புக் குழுவைக் கேட்டுப் பாருங்கள். 2020 அக்டோபர் 31 அன்று பாதுகாப்பு ஆய்வாளர் சாமி கம்கார் ‘நாட் ஸ்லிப்ஸ்ட்ரீமிங்’ என்ற தாக்குதலை வெளியிட்டார். உள்ளே இருப்பவர் ஒரு வலைப்பக்கத்தைத் திறந்தாலே போதும். அந்தப் பக்கம் உலாவியைக் கொண்டு சிப் செய்திபோலத் தோன்றும் ஒரு பாக்கெட்டை 5060க்கு அனுப்ப வைக்கும். ஏஎல்ஜி அதை நம்பி, வெளியிலிருந்து உள் கருவிக்கு ஒரு கதவைத் திறந்துவிடும். உலாவி செய்பவர்கள் 5060, 5061 இரண்டு போர்ட்டுகளையும் அடைத்தார்கள். அவர்கள் பொருளில் ஓட்டை இல்லை, உங்கள் பொருளில்தான் இருந்தது. இருந்தும் அடைத்தவர்கள் அவர்கள். நீங்கள் இன்னமும் அதை இயங்கும் நிலையிலேயே பெட்டியில் வைத்து அனுப்புகிறீர்கள்.

எங்களால் ஆன சுற்றுவழிகளைச் செய்யாமல் இல்லை. செய்தியைக் குறியாக்கி அனுப்பும் டிஎல்எஸ் வழியாக 5061க்கு மாறினால் ஏஎல்ஜியால் செய்தியைப் படிக்க முடியாது, கை வைக்கவும் முடியாது. சாதாரணத் தொலைபேசியை இணையத்தோடு இணைக்கும் பழைய ஏடிஏ பெட்டிகள் பலவற்றில் டிஎல்எஸ் இல்லை. சேவை தருபவர் வேறு போர்ட் கொடுத்தால், 5060ஐ மட்டும் கவனிக்கும் ஏஎல்ஜிகள் ஏமாறும், எல்லாரும் கொடுப்பதில்லை. கோடெக் பட்டியலை இரண்டாகக் குறைத்தால் அழைப்பைத் தொடங்கும் ‘இன்வைட்’ செய்தி 1500 பைட்டுக்குள் அடங்கி, துண்டாகிக் காணாமல் போவது தவிரும். உங்கள் பெட்டியை ரவுட்டர் வேலை பார்க்காத பிரிட்ஜ் மோடில் போட்டு எங்கள் ரவுட்டரை வைப்பதுதான் முழுத் தீர்வு. அந்தப் பக்கத்துக்கும் பூட்டுப் போட்டுச் சாவியை நீங்களே வைத்துக்கொண்டிருக்கிறீர்கள். பிரிட்ஜ் இல்லாமல் பின்னால் இன்னொரு ரவுட்டரை மாட்டினால் நாட் இரண்டாகும். முன்னால் இருக்கும் ஏஎல்ஜி தன் வேலையைக் காட்டிக்கொண்டுதான் இருக்கும்.

செப்புக் கம்பி இருந்த காலத்தில் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. எக்ஸ்சேஞ்சிலிருந்து 48 வோல்ட் வந்தது. மின்சாரம் போனாலும் போன் அடித்தது. அந்தக் கம்பியைப் பிடுங்கி, இனி எல்லாம் இணையம்தான் என்றீர்கள். சரி என்றோம். மோடம், ரவுட்டர், ஏடிஏ மூன்றுக்கும் யுபிஎஸ் வாங்கிப் போட்டோம். அவசர எண்ணுக்கு அழைத்தால் சரியான முகவரி தெரிய வேண்டும் என்று சேவைக் கணக்கில் போய் அதையும் நாங்களே பதிந்தோம். இத்தனை செய்த பிறகு குறுக்கே ஒரு பெட்டியை வைத்து, அதன் சுவிட்சை மட்டும் ஒளித்துவைப்பது என்ன நியாயம்? உங்கள் பெட்டியிலேயே இருக்கும் தொலைபேசித் துளையில் நீங்கள் விற்கும் லைன் மட்டும் 32 நொடியைத் தாண்டி நன்றாகவே பேசுகிறது. அதைப் பற்றி நாங்கள் எதுவும் சொல்லவில்லை.

கோபம் எட்டிப் பார்த்துவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறோம்.

பொது ஐபி கேட்கவில்லை. 100.64 வரிசையில் பலரோடு பகிர்ந்த முகவரி இருந்தாலும் பதிவு செய்யும் போன் வேலை செய்யும். சிறப்புக் கட்டணத் திட்டமும் வேண்டாம். ஏஎல்ஜி சுவிட்ச் வாடிக்கையாளர் திறக்கக்கூடிய பக்கத்தில் இருக்கட்டும். அதற்கு ‘சிப் ஏஎல்ஜி’ என்றே பெயர் வையுங்கள். ‘சிப் பாஸ்த்ரூ’, ‘விஓஐபி ஹெல்பர்’ என்றெல்லாம் எழுதினால், டிக் வைத்தால் ஓடுமா நிற்குமா என்றே புரிவதில்லை. அணைத்த பின் ரவுட்டரையும் பிறகு போனையும் ஒரு முறை ரீஸ்டார்ட் செய்ய வேண்டும் என்று பக்கத்தில் ஒரு வரி எழுதுங்கள். பழைய பதிவுகள் தங்கிவிட்டால் அணைத்தும் பயனில்லை. கை வைக்கும்போதே யுடிபி நாட் நேரத்தையும், அதாவது சும்மா இருக்கும் இணைப்பின் பதிவை ரவுட்டர் எவ்வளவு நேரம் வைத்திருக்கிறது என்பதையும், பாருங்கள். நாட் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று சொல்லும் 2007ஆம் ஆண்டின் ஆர்எஃப்சி 4787 குறைந்தது இரண்டு நிமிடம் என்கிறது. 30 நொடியில் பதிவை அழிக்கும் ரவுட்டர்களுக்காக நாங்கள் பதிவை உயிரோடு வைக்க 25 நொடிக்கு ஒரு கீப்-அலைவ் அனுப்பிக்கொண்டிருக்கிறோம். அப்டேட் வரட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. நாங்கள் அணைத்து வைத்தது அணைந்தே இருக்கட்டும்.

உங்கள் பதிலை எழுத்தில் அனுப்பினால் நல்லது. பேசித்தான் தீர வேண்டும் என்றால் எண்ணைக் கொடுங்கள், நாங்கள் கூப்பிடுகிறோம். நீங்கள் கூப்பிட்டால் கட்டாகிவிடும்.

இப்படிக்கு,
உங்கள் ரவுட்டருக்குப் பின்னால் இருந்து,
இணையத் தொலைபேசிப் பயனர்கள்