எல்லைக்கு அப்பால் ஓட்டிய நேரத்துக்கு யார் கணக்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

மெக்சிகோ லாரிகளை அமெரிக்க நெடுஞ்சாலைகளில் தடையின்றி ஓடவிட்டால் சரக்குச் செலவு குறையும் என்று சென்ற இதழ்க் கட்டுரை சொல்கிறது. டெக்சாஸில் லாரிகளுக்கு லோடு பிடித்துக் கொடுக்கும் வேலையில் இருக்கிறேன். எனக்கு இதில் உடன்பாடு இல்லை.

டெக்சாஸின் லரேடோ எல்லையில் வழக்கமாக நடப்பது இதுதான். மெக்சிகோவின் மான்டெரே நகரத்திலிருந்து வரும் லாரி அந்தப் பக்கமே டிரெய்லரைக் கழற்றிவிடும். வேறொரு லாரி அதைப் பாலம் தாண்டி இழுத்து வரும். இங்கே மூன்றாவது லாரி அதை மாட்டிக்கொண்டு ஐ-35 சாலையில் கிளம்பும். இது வீண் செலவு என்கிறார் கட்டுரையாளர். ஆனால் ஆள் மாறும்போது அலுப்பும் மாறுகிறதே!

இங்கே ஒரு டிரைவர் 10 மணி நேரம் ஓய்வெடுத்த பிறகு அதிகபட்சம் 11 மணி நேரம்தான் ஓட்டலாம். வெளிநாட்டு டிரைவருக்கும் அதே விதிதான், சரி. ஆனால் எல்லைக்கு அப்பால் அவர் எத்தனை மணி நேரம் விழித்திருந்தார் என்பதற்கு அவர் காட்டும் பதிவுதான் சாட்சி. சாலையில் நிறுத்திச் சோதிக்கும் அதிகாரியால் அங்கே போய் விசாரிக்க முடியாது. 36 டன் எடையோடு வரும் வண்டியில் டிரைவர் ஒரு நொடி கண்ணயர்ந்தால் என்ன ஆகும்?

அந்த டிரைவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. தூக்கத்தைக் கெடுத்து ஓட்டச் சொல்லும் முதலாளிமேல்தான் கோபம். குறைந்த கூலிக்கு மெக்சிகோ டிரைவர் ஓட்டினால், இங்குள்ள டிரைவரின் கூலியும் கூடவே இறங்கும்.

வெளிநாட்டு லாரி உள்ளூர் லோடு ஏற்றக் கூடாது என்றும் விதி இருக்கிறது. சிகாகோவில் ஏற்றி டல்லாஸில் இறக்கினால் குற்றம். ஓடும் லாரியைப் பார்த்து அதை எப்படிக் கண்டுபிடிப்பது? நிறுத்திக் காகிதத்தைப் பார்த்தால்தான் உண்டு.

1994-இல் அமலுக்கு வந்த நாஃப்டா, அதாவது அமெரிக்கா, கனடா, மெக்சிகோ மூன்றுக்கும் இடையிலான வர்த்தக ஒப்பந்தம், மெக்சிகோ லாரிகளுக்குக் கதவைத் திறப்பதாகச் சொன்னது. 1995-இல் கிளின்டன் அரசு அதை நிறுத்தி வைத்தது. மெக்சிகோ லாரிகளைச் சோதனையாக ஓடவிட்ட திட்டம் 2009-இல் கைவிடப்பட்டதும் மெக்சிகோ பதிலுக்கு வரி போட்டது. 2015-இல் கதவு திறந்தேவிட்டது. நாஃப்டாவுக்குப் பதிலாக 2020-இல் வந்த புதிய ஒப்பந்தமோ, அமெரிக்க நெடுந்தூர லாரித் தொழிலுக்குப் பெரும் பாதிப்பு வந்தால் அனுமதியைக் கட்டுப்படுத்த இடம் தருகிறது. அதைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை.

இரு நாட்டு அதிகாரிகளும் ஒரே ஓட்டுநேரப் பதிவைப் பார்க்கும் ஏற்பாடு வரட்டும். அதுவரை புதிய அனுமதிகளை நிறுத்தி வைக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், டெக்சாஸ்