கிளட்ச் கிட்டோடு வரும் அலைன்மென்ட் டூலும் தாளும்: ஒரு புகார்

அனுப்புநர்:
வாகனப் பழுதுபார்ப்புப் பட்டறை,
பிறை, பினாங்கு.

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
கிளட்ச் கிட் விற்பனை நிறுவனம்,
கோலாலம்பூர்.

பொருள்: பின்சக்கர வேனுக்கான கிளட்ச் கிட்டில் அளவு குறைந்த அலைன்மென்ட் டூல், பொருளைக் கெடுக்கும் வழிமுறை

ஐயா / அம்மணி,

உங்கள் கிட்டில் வரும் கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றிலும் எங்களுக்குக் குறை இல்லை. லைனிங், ரிவெட், ஹப் ஸ்பிரிங் எல்லாம் கொடுக்கிற காசுக்குத் தகுந்த தரம்தான். குறையெல்லாம் பெட்டிக்குள் இலவசமாகப் போட்டு அனுப்பும் இரண்டு பொருள்களில்: பிளாஸ்டிக் அலைன்மென்ட் டூல், ஒரு பக்க வழிமுறைத் தாள். இந்த இரண்டும் சேர்ந்து நல்ல பிளேட்டைப் பாழாக்குகின்றன.

முதலில் டூல். பிரஷர் பிளேட்டை இறுக்கும்வரை கிளட்ச் பிளேட்டை நடுவில் பிடித்து வைப்பதுதான் இதன் வேலை. இந்த வேனின் பைலட் பேரிங் (கியர்பாக்ஸ் ஷாஃப்ட்டின் நுனியைத் தாங்க எஞ்சின் பக்கம் இருக்கும் பேரிங்) 6202 வகை. உள்விட்டம் 15 மி.மீ. உங்கள் டூலின் நுனியை வெர்னியரில் பிடித்தால் 14.3 மி.மீ. காட்டுகிறது. முக்கால் மில்லிகூட இல்லையே என்று நீங்கள் சொல்லலாம். ஆனால் டூல் நுனியில் மட்டும் பிடிப்புள்ள கம்பி. பேரிங்குக்குள் நுனி சிறிது ஆடினாலே, சற்று வெளியே இருக்கும் ஹப்பில், அதாவது பிளேட்டின் நடுப்பகுதியில், அந்த ஆட்டம் பெருகிவிடும். பிளேட்டின் எடை வேறு கீழே இழுக்கிறது. பிளாஸ்டிக்கும் வளைந்து கொடுக்கிறது. இப்படி பிளேட் 1 மி.மீ.க்கும் மேல் இறங்கிய நிலையில் பிரஷர் பிளேட்டை இறுக்கினால், அது அங்கேயே பூட்டிக்கொள்ளும். பிறகு கியர்பாக்ஸை ஏற்றும்போது அதன் முன்னால் நீண்டிருக்கும் இன்புட் ஷாஃப்ட் ஹப் பல்லுக்குள் நுழையும். ஆனால் ஷாஃப்ட்டின் நுனி பைலட் பேரிங்கின் வாயில் இடித்து நின்றுவிடும். பெல் ஹவுசிங்குக்கும் (கிளட்ச்சை மூடும் கியர்பாக்ஸின் முன்பக்க உறை) எஞ்சினுக்கும் நடுவே விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி மிஞ்சும்.

இந்த இடத்தில் உங்கள் தாள் என்ன சொல்கிறது? "இடைவெளி இருந்தால் பெல் ஹவுசிங் போல்ட்களை மாற்றி மாற்றி இறுக்கி உள்ளே இழுக்கவும்." இதைத்தான் நாங்கள் கடுமையாக ஆட்சேபிக்கிறோம். போல்ட்டின் இழுவிசையை ஷாஃப்ட் நுனி நேராக பைலட் பேரிங்கின் உள்வளையத்தில் இறக்குகிறது. பக்கவாட்டு அழுத்தம் ஹப்பை வளைக்கிறது. அதிர்ஷ்டம் இருந்தால் பிளேட் வழுக்கி நடுவுக்கு வந்துவிடும். தாள் சொன்னது சரிதான் என்று நம்பவைப்பதும் அதுதான். அதிர்ஷ்டம் இல்லாவிட்டால் அலுமினிய ஹவுசிங்கின் காது உடையும். அல்லது பிளேட் கோணலாகிவிடும். கோணலான பிளேட் பெடலை முழுதாக மிதித்தாலும் விடுபடாது. முதல் கியரும் ரிவர்ஸும் கரகரக்கும். வண்டிக்காரர் அதை ஹைட்ராலிக் கோளாறு என்று நினைத்து, காற்று எடுத்துப் பார்த்து, மாஸ்டர் சிலிண்டரையும் மாற்றிவிட்டுத்தான் பட்டறைக்கு வருவார். எங்களிடம் வந்திருக்கும் வேன் அப்படி வந்ததுதான். உங்கள் இணையக் கடையில் வாங்கி, தாளில் உள்ளபடியே மாட்டியிருக்கிறார்கள். கழற்றிப் பார்த்தபோது ஹப் வளைந்திருந்தது. பைலட் பேரிங் நொறுங்கியிருந்தது.

தாளில் இருக்க வேண்டியது வேறு. பெல் ஹவுசிங் எஞ்சினோடு கைத்தள்ளலிலேயே முழுதாகப் பொருந்த வேண்டும். போல்ட் அதைப் பிடித்து வைக்க மட்டுமே, இழுக்க அல்ல. பொருந்தவில்லை என்றால் கியர்பாக்ஸை இறக்கி, பிளேட்டை மறுபடி நடுவுக்குக் கொண்டுவருவதைத் தவிர வழியில்லை. அதுவரை கியர்பாக்ஸின் எடையை ஜாக் தாங்க வேண்டும். ஷாஃப்ட்டை ஹப்பில் சொருகிவிட்டு 'ஒரு நிமிஷம்' என்று கையை எடுத்தால் போதும், புதுப் பிளேட் வளைந்துவிடும். தலை வெட்டிய இரண்டு நீளமான போல்ட்களை எதிரெதிர் மூலைகளில் வழிகாட்டியாகப் போட்டால் இந்தக் கவலை பாதி தீரும். கியர்பாக்ஸை ஏதாவது ஒரு கியரில் போட்டு, பின்பக்க ஃபிளாஞ்சை மெல்லத் திருப்பினால் பல்லோடு பல் சேரும். டவல் பின்கள் (dowel pins, ஹவுசிங்கைச் சரியான இடத்தில் நிறுத்தும் உலோக முளைகள்) எஞ்சினில் இருக்கின்றனவா என்று பார்க்கும்படியும் ஒரு வரி வேண்டும். அவை தொலைந்திருந்தால் எவ்வளவு நல்ல டூலும் உதவாது.

பிரஷர் பிளேட்டுக்கு, "போல்ட்களை நன்றாக இறுக்கவும்" என்பதோடு தாள் முடித்துக்கொள்கிறது. ஆறு எம்8 போல்ட்களை எதிரெதிராக, ஒவ்வொன்றையும் அரைச்சுற்று அரைச்சுற்றாக இறுக்க வேண்டும். ஒன்றை ஒரேயடியாக இறுக்கினால் கவர் கோணும், பெடல் துடிக்கும். முடிவான இறுக்கம் அந்தந்த வண்டியின் கையேட்டில் இருக்கும். இந்த அளவு போல்ட்டுக்குப் பொதுவாக 20 நியூட்டன் மீட்டர் அளவில்தான். இறுக்கிய பிறகு டூல் இரண்டு விரல் பலத்தில் வெளியே வந்து, திரும்ப உள்ளே போக வேண்டும். சிக்கினால் பிளேட் நடுவில் இல்லை. காசு செலவில்லாத இந்தச் சோதனைகூடத் தாளில் இல்லை. புதுப் பிரஷர் பிளேட்டில் பூசியிருக்கும் துரு தடுப்பு எண்ணெயை பிரேக் கிளீனரால் துடைக்கச் சொல்லவில்லை. பல்லில் கிரீஸ் "தாராளமாக" என்று சொல்கிறது! மெல்லிய பூச்சே போதும். மிஞ்சியது சுழற்சியில் தெறித்து லைனிங்கில் ஒட்டும்.

நாங்கள் கேட்பது இவை. 15 மி.மீ. பேரிங்குக்குள் ஆடாமல் நிற்கும்படி கடைந்த உலோக டூல், அல்லது சரியான அளவில் நுனி மாற்றக்கூடியது, இனி விற்கும் கிட்டில் இருக்க வேண்டும். ஏற்கெனவே வாங்கியவர்களுக்கும் அனுப்ப வேண்டும். இப்போதுள்ள தாளைத் திரும்பப் பெற வேண்டும். மேற்சொன்ன வேன்காரருக்குப் புதிய பிளேட், பைலட் பேரிங், மறுபடி இறக்கி ஏற்றும் கூலி ஆகியவற்றை நீங்கள் ஏற்க வேண்டும். வளைந்த பிளேட், டூல், வெர்னியர் அளவின் படங்கள், தாளின் நகல் இணைத்திருக்கிறோம். பழைய பாகங்கள் பட்டறையில் பத்திரமாக உள்ளன, உங்கள் ஆள் வந்து பார்க்கலாம்.

பட்டறை என்ற முறையில் நாங்கள் பயனீட்டாளர் உரிமைக் கோரல் நடுவர் மன்றத்துக்குப் போக முடியாது என்பது தெரியும். ஆனால் சொந்தக் குடும்ப வேனுக்கு வாங்கிய அவர் போகலாம். பதிவுக் கட்டணம் 5 ரிங்கிட், கோரும் தொகையின் உச்சவரம்பு 50,000 ரிங்கிட். பதினான்கு நாள்களுக்குள் எழுத்துப்பூர்வமான பதில் வராவிட்டால், அவர் கேட்கும் தொழில்நுட்ப அறிக்கையை எழுதித் தருவோம்.

இப்படிக்கு,
பட்டறை நிர்வாகம்