எர்த் முள்ளைக் கழற்றாதே

கண்ணு பிரபுவுக்கு,

போனில் சொன்னால் பாதியிலேயே "சரிங்கப்பா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். இருபது நாள் கழித்து அழைத்தாய், அதுவும் ஆம்பிளிபயர் உர்ரென்று இரைகிறது என்று கேட்க. போகட்டும், அதற்காவது அப்பன் நினைவு வந்ததே.

போனைக் காதோடு அழுத்திக் கேட்டேன். கரண்டின் 50 சைக்கிள் இரைச்சல்தான், சந்தேகமில்லை. அதைத் தவிர உன் வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. எப்போதும் பின்னால் ஓடுமே, மலரின் தையல் மெஷின், அதுவும் இல்லை. வேலை குறைவாக இருக்கும்போல.

முதலில் வால்யூமைத் திருகிப் பார். கூட்டக் கூட்ட இரைச்சலும் கூடினால் கோளாறு பிளேயரிலோ ஒயரிலோ. அடியோடு இறக்கியும் அதே அளவில் இரைந்தால் ஆம்பிளிபயருக்குள்ளே கண்டன்சர் காய்ந்திருக்கிறது. அதை நீ திறக்காதே. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கண்டன்சரில் கரண்டு நிற்கும்.

அப்பாருடைய ரெக்கார்டு பிளேயரில், பாட்டு ஒயரோடு மெல்லிசாக இன்னொரு கம்பி வருமே, அதை ஆம்பிளிபயரின் பின்னால் உள்ள எர்த் திருகில் முடுக்கினாயா? பழைய வேட்டியில் சுற்றிக் கொடுத்த அன்றே சொன்னேன். நீ பஸ் நேரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

அது சரியாக இருந்தால், டிவி பெட்டிக்கு வரும் கேபிள் ஒயரைக் கழற்று. உடனே அடங்கிவிட்டால் திருடன் அகப்பட்டான். கேபிள் தன்னோடு ஓர் எர்த்தைக் கொண்டுவருகிறது; உன் வீட்டுச் சுவரில் இன்னொன்று இருக்கிறது. தடப்பள்ளி வாய்க்காலில் ஒரே வயலுக்கு இரண்டு மடை திறந்த கதைதான். இரண்டுக்கும் நடுவே கரண்டு சுற்றிவருகிறது, அது பாட்டு ஒயரின் உறை வழியாக ஓடி இரைகிறது. அந்தச் சுற்றை வெட்டிவிட, கேபிளுக்கு நடுவில் போடும் சின்ன ஐசொலேட்டர் கடையில் கிடைக்கும். டிவி, பிளேயர், ஆம்பிளிபயர் எல்லாவற்றையும் ஒரே பலகையில் செருகு. பாட்டு ஒயரைக் கரண்டு ஒயரோடு சேர்த்துக் கட்டாதே. எட்டு வயதில் சால்டரிங் பிடித்தவனுக்கு, பாரியூர் குண்டம் திருவிழாவன்று ஹாரன் குழாயைத் தோளில் சுமந்து வந்தவனுக்கு, இதையெல்லாம் நான் எழுத வேண்டியிருக்கிறது.

ஒன்று மட்டும். யாராவது வந்து பிளக்கின் எர்த் முள்ளைக் கழற்று, இரைச்சல் நின்றுவிடும் என்பான். நிற்கும்தான். கழற்றாதே.

நான் கழற்றியிருக்கிறேன். சிறுவலூர்க் கல்யாணத்துக்கு முந்தின நாள் ராத்திரி. நம்ம மைக் செட் விடாமல் இரைந்தது. பெண் வீட்டுக்காரர் முன்பணத்தைத் திருப்பிக் கேட்டார். எர்த் கம்பியைப் பிளக்குக்குள்ளேயே வெட்டிவிட்டேன். சத்தம் சுத்தமாக நின்றது. கெட்டிக்காரன் என்று என்னையே மெச்சிக்கொண்டேன். திரும்ப இணைக்க வேண்டும் என்று நினைத்ததோடு சரி. அந்த ஐப்பசி மழையில் கொட்டகை ஒழுகி டிரான்ஸ்பார்மர் ஈரம் குடித்தது. தகரப் பெட்டி முழுக்கக் கரண்டு. நீ வந்து தொட்டாய்.

ஈரக்கையோடு ஏன் தொட்டாய் என்று உன்னை அடித்தேன், நினைவிருக்கிறதா? உன் அம்மா இன்றைக்கும் அந்தக் கதையை அப்படித்தான் சொல்கிறாள். சொல்லும்போதெல்லாம் நீ சிரிப்பாய், நானும் கூடச் சிரிப்பேன். உன் கை காய்ந்துதான் இருந்தது கண்ணு. உனக்கு அப்போது ஏழு வயது. மறுநாளே கம்பியை இணைத்துவிட்டேன், யாருக்கும் சொல்லவில்லை.

சொல்லாமல் வைத்திருப்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். எதுவாக இருந்தாலும் நான் அடிக்கப்போவதில்லை.

கழற்றாதே, மறந்துவிடாதே. ஈரத்துணியை அந்தப் பலகை மேல் காயப்போடாதே.

சனிக்கிழமை ராத்திரி பஸ்ஸில் கச்சாயம் கொடுத்துவிடுகிறேன். மலருக்குப் பிடிக்கும் என்று உன் அம்மா இருபது சுடுவதாக இருக்கிறாள். பத்து போதாதா என்றேன், முறைத்தாள். எத்தனை கட்டட்டும்? அம்மாவிடம் சொல்ல வேண்டாம், எனக்கு மட்டும் சொல்.

அப்பா
கோபி