மடக்குன இறக்கையும் ரிங் ரோடும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ரிங் ரோட்டுல இறக்கையை மடக்கி டிரெய்லர்ல ஏத்திட்டுப் போன குட்டி விமானத்தோட போட்டோவ பெருசா போட்டிருந்தீங்க, நல்லா இருந்துச்சு, ஆனா கீழ ‘மடக்கிட்டா கார் மாதிரி எங்கிட்டு வேணும்னாலும் இழுத்துட்டுப் போகலாம்’னு எழுதுனதுதான் சரியில்ல சார். விமானப்படையில ஏர்ஃபிரேம் ஃபிட்டரா, அதாவது விமானத்தோட உடம்பு, இறக்கையெல்லாம் பராமரிக்கிற வேலையில இருந்தவன், பாத்துட்டு சும்மா இருக்க முடியல. இறக்கையை மடக்குறது முக்கியமா ஷெட்டுல இடம் மிச்சம் பண்ணத்தான். ரோட்டுக்கு அது மட்டும் பத்தாது.

கிட்ஃபாக்ஸ்ங்கற குட்டி விமானம் மாதிரி இருக்கறதுல இறக்கையோட முன்பக்கம் உடம்போட பூட்டியிருக்குற பின்னை (ஊசிய) உருவிட்டு வால் பக்கமா திருப்புனா, கிட்டத்தட்ட 32 அடி விரிஞ்சு நின்னது எட்டடி அகலத்துக்குள்ள அடங்கிரும், வண்டி அகலம் 2.6 மீட்டர் தாண்டக்கூடாதுங்கற நம்ம ரூலுக்கும் சரியா வரும். ஆனா முன் பின்னை எடுத்தாச்சுன்னா மொத்த இறக்கையும் பின்னாடி கீல்லயும் கீழ ஸ்ட்ரட், அதாவது இறக்கையைத் தாங்குற கம்பி, அதோட மூட்டுலயும்தான் தொங்குது. பறக்கும்போது காத்து இறக்கை முழுக்கப் பரவித் தூக்கும், ரோட்டுல அப்படியா, குழிக்குக் குழி மொத்த ஆட்டமும் அந்த மூட்டுலதான் வந்து இறங்கும். மூட்டுக்குள்ள இருக்குற புஷ் தேயும், ஓட்டை நீளவாக்குல அகலும், வெளிய பாத்தா ஒண்ணும் தெரியாது.

அதனால இறக்கை நுனிக்கிட்ட டிரெய்லர்லருந்தே ஒரு ஸ்டாண்டு வேணும், மெத்தை வெச்சு, மேலயும் போகாம கீழயும் போகாம பிடிக்கணும். உங்க போட்டோவுலயே உத்துப் பாருங்க, ஸ்டாண்டே இல்ல, லோடு லாரிக்குக் கட்டுற மாதிரி நீல நைலான் கயித்த இறக்கை மேலயே போட்டு முறுக்கியிருக்காங்க, தார்ப்பாய் ஒரு ஓரம் பறக்குது. அடியில இருக்குற இறக்கை தகரமில்ல, துணி போத்துனது. அந்தத் தார்ப்பாய் திருமங்கலம் போறதுக்குள்ளயே பெயிண்ட உரிச்சிரும். கட்டுனா சக்கரம், லேண்டிங் கியர், வால் இதுல பெல்ட் போட்டுக் கட்டணும். பெட்ரோல வடிச்சிரணும், மூக்குல இருக்குற ஃபேன் சுத்தாம கட்டணும், விமானத்தை ஓட்டுற ஸ்டிக்கையும் லாக் பண்ணணும்.

காத்தையும் லேசா நினைக்காதீங்க. ஆடிக் காத்துல அம்மியே பறக்கும்பாங்க, இது முந்நூறு கிலோ சொச்சம், அதுவும் பறக்குறதுக்குன்னே செஞ்சது. கப்பலூர் தாண்டி நாலு வழிச்சாலையில ஒரு ஆம்னி பஸ் உரசுற மாதிரி ஓவர்டேக் பண்ணுனா டிரெய்லரே அலையும், எடை கொஞ்சம் முன்னாடி, டிரெய்லர இழுக்குற வண்டியோட மாட்டுற கொக்கி மேல உக்காந்திருக்கணும், பின்பாரம் ஆனா இழுக்குற வண்டியவே ஆட்டி வெச்சிரும்.

அடுத்து நம்ம வேகத்தடை. ரோட்டுக்குத் தரம் வகுக்குற இந்தியச் சாலைக் காங்கிரஸ் கணக்குப்படி 3.7 மீட்டர் அகலத்துக்கு 10 சென்டிமீட்டர் உயரம், 25 கிலோமீட்டர் வேகத்துல ஏறி இறங்கலாம். நம்ம பக்கம் கிராமத்து ரோட்டுல அப்படி ஒண்ணு காட்டுங்க பாப்போம்! முக்காவாசி அம்மிக்கல்லு மாதிரி செங்குத்தா நிக்குது, வெள்ளைக் கோடு கூட கிடையாது. இதுக்கு நெடுஞ்சாலைத் துறைய நீங்கதான் கேட்கணும், நான் கேட்டா யாரு பதில் சொல்லப் போறா.

ஊர் போய்ச் சேந்ததும் இறக்கைய விரிச்சு உடனே கிளம்பிறக் கூடாது. பின் முழுசா உள்ள போயிருக்கா, பூட்டுற கிளிப் மாட்டியிருக்கான்னு ஒருத்தர் பாக்க, இன்னொருத்தர் மறுபடி பாக்கணும். அப்புறம் ஒருத்தர் ஸ்டிக்க ஆட்டணும், வெளிய நிக்கறவர் இறக்கையிலயும் வால்லயும் ஸ்டிக்குக்கு ஏத்தபடி அசையுற மடல்களக் கையால பிடிச்சுத் தடுத்துப் பாக்கணும். அடுத்த தடவ இந்த மாதிரி போட்டோ போட்டா கீழ இதையும் ரெண்டு வரி போடுங்க சார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விமானப்படை ஃபிட்டர்,
திருநகர், மதுரை