இல்லாத வேலியைத் தாண்டாத மான்கள்

அன்பு நண்பா,

உன் கடிதம் வந்தபோது நான் களத்தில் இருந்தேன். பிரித்துப் படிக்கவே மூன்று வாரம் ஆகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. முழங்கால் எப்படி என்று கேட்டிருந்தாய். ஏறும்போது ஒத்துழைக்கிறது, இறங்கும்போது பழிவாங்குகிறது.

“இன்னும் மிருகங்களுக்குப் பட்டை கட்டிக்கொண்டுதான் திரிகிறாயா?” என்ற கிண்டலுக்குப் பதில்: ஆமாம். விலங்கு எங்கே போகிறது என்று இருப்பிடத்தைச் சொல்லும் கழுத்துப்பட்டைகள் அவை. இந்த முறை கட்டியவற்றில் ஒன்று பதினோராம் நாளே ஓரிடத்தில் நின்றுவிட்டது. விலங்கு செத்துவிட்டதோ என்று பதறிக்கொண்டு ஓடினால், புதருக்குள் பட்டை மட்டும் கிடந்தது. அதன் சொந்தக்காரர் கழற்றிப் போட்டுவிட்டு நலமாகப் போய்விட்டார்.

பள்ளியில் என் மண்டையில் குட்டிக் குட்டி நீ ஏற்றிய ஓம் விதியை வைத்துத்தான் இப்போது என் பிழைப்பு நடக்கிறது, தெரியுமா? நிலத்தையே ஒரு மின்சுற்றாகப் பாவிக்கும் முறையை பிராட் மெக்ரே என்ற சூழலியலாளர் கொண்டுவந்தார். காட்டுக்குக் குறைந்த மின்தடை, வயலுக்குக் கொஞ்சம் கூடுதல், நெடுஞ்சாலைக்கு மிக அதிகம் என்று வைத்துக்கொண்டு, விலங்குகளின் நடமாட்டத்துக்குப் பதிலாக இரண்டு காடுகளுக்கு நடுவே கணக்கில் மின்னோட்டத்தை விடுகிறோம். எந்த வழியாக எவ்வளவு பாய்கிறது என்பதுதான் வரைபடம். பக்க இணைப்பில் கம்பிகள் கூடக்கூட மொத்தத் தடை குறையும் என்பாயே, அதேதான் இங்கும்: வழிகள் பலவாக இருந்தால் ஒன்று அடைபட்டாலும் போக்குவரத்து நிற்காது. எல்லா ஓட்டமும் ஒரே சந்துக்குள் நெருக்கியடித்துப் பாய்கிற இடம் வரைபடத்தில் பளிச்சென்று தெரியும். அங்கே நாலு கட்டடம் எழும்பினால் போதும், இரு காடுகளும் இரண்டு தீவுகள்.

குறை ஒன்று உண்டு. அந்தத் தடை எண்களைத் தருவது நாங்கள், நடப்பது விலங்கு. நான் ஒரு வயல்வெளியைக் கிட்டத்தட்டச் சுவராகவே கணக்கில் வைத்திருந்தேன். பட்டையிலிருந்து வந்த புள்ளிகளோ நள்ளிரவில் அதன் குறுக்கே நேர்கோடாகப் போயிருக்கின்றன. பகலில் சுவர், இரவில் வாசல். இரண்டு மாத வேலையைத் திரும்பச் செய்தேன்.

என் ஒருவனின் தவறு இது. ஆனால் வேறொன்று எங்கள் எல்லோரையும் யோசிக்க வைக்கிறது. பனிப்போர்க் காலத்தில் செக்கோஸ்லோவாக்கியாவுக்கும் மேற்கு ஜெர்மனிக்கும் இடையே மலைக்காட்டின் நடுவே மின்வேலி ஓடியது. வேலியை எடுத்துப் பல ஆண்டுகள் கழித்து அங்குள்ள செம்மான்களுக்குப் பட்டை கட்டிப் பார்த்தார்கள். பெரும்பாலானவை பழைய எல்லைவரை வந்து திரும்பிவிடுகின்றன. இரண்டு பக்கமும் அதே மரம், அதே புல். அந்த மான்கள் வேலியைக் கண்ணாலும் கண்டவை அல்ல. செம்மானின் ஆயுள் அவ்வளவு நீளம் இல்லை. குட்டி தாயின் பின்னால் முதல் ஓராண்டு திரியும்போதே எதுவரை போகலாம் என்பதைக் கற்றுக்கொண்டுவிடுகிறது. என் மாதிரி வரைபடத்தில் அந்தப் பழைய எல்லைக்கென்று கூடுதல் தடை பூஜ்யம்!

கனடாவின் பான்ஃப் தேசியப் பூங்காவில் இதற்கு நேர் எதிரான கதை. நெடுஞ்சாலையின் இருபுறமும் வேலியடைத்து, விலங்குகள் கடக்க 6 மேம்பாலங்களும் 38 சுரங்கப்பாதைகளும் கட்டியிருக்கிறார்கள். எல்க் மான்கள் சில இடங்களில் கட்டுமானம் முடிவதற்குள்ளேயே நடந்து பார்த்துவிட்டன. கிரிஸ்லி கரடிகளும் ஓநாய்களும் பழகுவதற்கு ஐந்து ஆண்டுகள்வரை ஆயின. முதல் இரண்டு ஆண்டுக் கணக்கை மட்டும் பார்த்து, கரடிக்குப் பாலம் கட்டியது வீண்செலவு என்று யாராவது எழுதி முடித்திருந்தால்? கரடி அகலமான மேம்பாலத்தை விரும்புகிறது, மலைச்சிங்கமோ குறுகலான இருட்டுப் பாதையை. இதையும் பொறுத்திருந்துதான் தெரிந்துகொண்டார்கள்.

அமெரிக்காவில் பிக்ஹார்ன் காட்டு ஆடுகளைப் புதிய மலைகளில் கொண்டுபோய் விட்டபோதும் இப்படித்தான். மேய்ச்சல் இருந்தது, வழி இருந்தது. பெரும்பாலானவை வலசை போகவில்லை. புல் எப்போது எங்கே தளிர்க்கும் என்று மந்தை கற்றுக்கொள்ளப் பல பத்தாண்டுகள் பிடித்தன. ஆகவே, வழித்தடத்தைக் காப்பாற்றிவிட்டோம் என்று யாராவது மேடையில் சொன்னால் எனக்கு இப்போது உடனே கைதட்டத் தோன்றுவதில்லை. அதில் நடக்கத் தெரிந்த கிழவி ஒருத்தியாவது அந்த மந்தையில் உயிரோடு இருக்கிறாளா என்றுதான் கேட்கத் தோன்றுகிறது.

உன்னிடம் ஒரு காரியம் ஆக வேண்டும். இதற்குமுன் எவ்வளவு மின்னோட்டம் பாய்ந்தது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு, அதற்கேற்பத் தடை மாறுகிற உறுப்பு ஒன்று இருக்க முடியும் என்று 1971-ல் லியோன் சுவா என்ற மின்பொறியாளர் எழுதினாராமே, மெம்ரிஸ்டர் என்று. என் நிலப்படத்துக்கு வேண்டியது அதுதானோ என்று நாலு நாளாகக் குடைகிறது. சமன்பாடுகளைக் குறைத்து, எனக்குப் புரிகிற மாதிரி எழுது. குட்ட வேண்டுமென்றால் நேரில் வந்து குட்டு.

அன்புடன்,
உன் கடைசி பெஞ்சுக்காரன்