வானொலியில் உள்ளூர் விவகாரங்களுக்கும் நேரம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

1925 இல் கொழும்பில் ஆரம்பித்து 1967 இல் கூட்டுத்தாபனமாக மாறிய நமது பொது வானொலியான இலங்கை வானொலி, தமிழில் நாடகத்தையும் மெல்லிசையையும் வளர்த்த அளவுக்கு உள்ளூர் விவகாரங்கள் பற்றிய கலந்துரையாடலை வளர்க்கவில்லை என்பது என் கருத்து.

வடக்கு மாகாண சபையின் பதவிக்காலம் 2018 ஒக்டோபரில் முடிவடைந்து, தேர்தலின்றி ஆண்டுகள் பல கழிந்த நிலையில், அதிகாரிகளிடம் பொதுமக்கள் நேரடியாகக் கேள்வி கேட்பதற்கான மேடைகள் அருகிவிட்டன. யாழ்ப்பாணத்தின் வலிகாமம் பகுதியிலுள்ள சுன்னாகத்தின் நிலத்தடி நீரில் எண்ணெய் கலந்த வழக்கில் உயர் நீதிமன்றம் 2019 இல் தீர்ப்பளித்தது. ஆனால், தன் கிணற்று நீரைக் குடிக்கலாமா என்று அறிய விரும்பும் வலிகாமத்துக் குடும்பத்தலைவி ஒருவர், நீர்வளத்துறை நிபுணரிடம் தொலைபேசி வழியாக அதைக் கேட்டு, அங்கேயே விடை பெறக்கூடிய வாராந்த நிகழ்ச்சி ஒன்று இருந்திருந்தால் எவ்வளவோ வீண் வதந்திகள் குறைந்திருக்கும். கடலடியை வாரி இழுக்கும் வலையால் மீன்பிடிக்கும் இழுவைமடித் தொழில் 2017 இல் சட்டத்தால் தடைசெய்யப்பட்டது; அதுபற்றிய கேள்விகளுக்கும் இத்தகைய நிகழ்ச்சியில் விடை கிடைத்திருக்கும்.

அரசியல்வாதிகள் இருவரை அழைத்து வாதிட வைப்பதை நான் கேட்கவில்லை (அதற்குத் தொலைக்காட்சிகள் போதும்). பிரதேச செயலக அதிகாரி, கடற்றொழிலாளர் சங்கப் பிரதிநிதி, விவசாயப் போதனாசிரியர் போன்றோர், முன்கூட்டியே பெறப்பட்ட நேயர் கேள்விகளுக்குப் பதிலளிக்க வேண்டும். பதில் கிடைக்காத கேள்விகள் அடுத்த வாரமும் வாசிக்கப்பட வேண்டும். நிகழ்ச்சி யாழ்ப்பாணத்திலேயே தயாரிக்கப்படுவது அவசியம்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
கோண்டாவில்.